எங்கட வளவில் சகுரா பூக்காது



கொஞ்சம் நீளமான பதிவு. ஒன்லைனில் பூக்கன்று வாங்குகிறவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் "குட்டை ஜப்பான் செரி, சாடியிலேயே பூக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து 4,500 ரூபா கொடுத்து ஒரு கன்று வாங்கினேன். வீட்டுக்கல்ல, வகுப்புக்கு. தரம் 4 பிள்ளைகளிடம், "இலை வர முந்தியே மரம் முழுக்கப் பூக்கும், பாருங்க" என்று சொல்லியும் விட்டேன். முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். லீவு நாளில் வாப்பாவோடு சைக்கிளில் வந்து ஊற்றிய பிள்ளையும் உண்டு. ஒரு பூவும் இல்லை. போன கச்சான் காற்றுக்கு இலை கருகி, நுனியிலிருந்து காய்ந்து செத்துப்போனது.

இப்போது தரம் 6இல் இருக்கும் அந்தப் பிள்ளை போன கிழமை கேட்டாள்: "டீச்சர், நாங்க தண்ணி ஊத்தினது காணாதா?"

அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில். வாங்கமுன் தேடிப் பார்க்காமல், வாங்கிய பிறகுதான் தேடினேன்.

செரி மரம் கோடையிலேயே பூ மொட்டைக் கட்டிவிட்டு, இலையுதிர்த்துத் தூங்கப் போகிறது. அதை எழுப்புவது குளிர்தான். ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் வாரக்கணக்கில் வேண்டும். அதற்குப் பிறகு வரும் வெயிலுக்குத்தான் மொட்டு விரியும். எங்கள் கரையோரத்தில் மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த மரத்துக்கு இங்கே தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

ஜப்பானிலேயே இந்தக் கதை இருக்கிறது. டோக்கியோப் படங்களில் நாம் பார்க்கும் சோமெய் யோஷினோ, தெற்கே வெப்பமான ஒகினாவாவில் சரிவர வளராது. அங்கே சனவரியில் பூக்கும் வேறொரு செரியை வைத்திருக்கிறார்கள். அவர்களே தங்கள் மரத்தைத் தங்கள் தீவு முழுக்கத் திணிக்கவில்லை.

விளம்பரத்தில் முழுப் பொய்யும் இல்லை. பியூஜி மலைப் பக்கத்துச் செரியில் கோஜோ நோ மாய் என்ற குட்டை வகை உண்டு, வளைந்து நெளிந்த கிளைகளோடு. குளிர் நாடுகளில் சாடியில்தான் பலர் வளர்க்கிறார்கள். குளிர் வேண்டும் என்ற பாதியைத்தான் மறைத்து விற்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன். "மூணாம் வருசம் பூக்கும் மிஸ்" என்றார். மறுநாள் என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்.

நுவரெலியாவில் உறவினர் இருந்தால் அவர்கள் முயன்று பார்க்கட்டும். நீர் தேங்காத மண், நல்ல வெயில், பூத்து முடிந்த பிறகு மட்டும் கத்தரிப்பு. கல்முனையிலும் காத்தான்குடியிலும் இருக்கிற நாம் அந்தக் காசை வீணாக்கத் தேவையில்லை.

வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவைப் பாருங்கள். மாரி முடிந்து வெயில் பிடித்ததும் இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசே அறிவித்த மரம். ஆட்டுக்குத் தழை, தோட்டத்துக்குப் பசளை. நாம் அதை ஓயாமல் தறிப்பதால்தான் பூவைக் காண்பதில்லை. ஒரு கிளையையாவது ஒரு வருடம் விட்டுவைக்க வேண்டும். தடி 50 ரூபாவுக்கும் யாரும் விற்பதில்லை, சும்மாவே தருவார்கள். அதுதான் அதற்கு மதிப்பில்லை போல.

அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சாடி சும்மாதானே கிடக்கு டீச்சர்?" என்றாள். மழை தொடங்கியதும் அவளும் நானும் வேலிக்கரையில் ஒரு தடி ஊன்றப் போகிறோம். சாடியில் கறிவேப்பிலை.