வெயிலில் நிற்கச் சொன்னவர் யார்?



சென்ற மே மாதம், கத்திரி வெயிலின் நடுவே, எங்களோடு ஓடும் இளைஞர் ஒருவர் திருமயத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் நிலைகுலைந்து விழுந்தார். அப்போது நேரம் காலை 8.40. வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மாரத்தானில் 21.1 கி.மீ. தூரத்தை ஓடி முடிக்க வேண்டும் என்பது அவருடைய நாட்டம். அதற்காக ஒரு நாளும் விடாமல் ஓடுவது என்று கணக்கு வைத்திருந்தார். அன்று அந்தக் கணக்கின் 41ஆம் நாள். முந்தைய இரவு ஒரு திருமண வீட்டு வேலையால் உறக்கம் கெட்டுவிட்டது. ஃபஜ்ரைத் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தவர் 7.30க்கு விழித்து, கணக்கு விட்டுப்போகக் கூடாது என்று 10 கி.மீ. ஓடக் கிளம்பிவிட்டார்.

அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். நாம் எழுத வந்தது அதற்குப் பின் ஊரில் எழுந்த பேச்சைப் பற்றி.

ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் சிங்கமாகிவிட்டார். விழும் வரை ஓடினாரே, இதுவல்லவா ஸப்ர் என்று பாராட்டுகள் குவிந்தன. ஒரு சகோதரர் தபூக் பயணத்தையே இழுத்து வந்து, வெயிலைக் காரணம் காட்டிப் பின்வாங்கியவர்கள் யார் என்று குர்ஆன் சொல்வதை மறந்துவிடாதீர்கள் என எழுதினார். பள்ளிவாசல் வாயிலிலோ பேச்சு நேர் எதிராக இருந்தது. ஓட்டமே வீண் வேலை, தொழுதுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்றார்கள் பெரியவர்கள். இவ்விரண்டு பேச்சையும் நாம் மறுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பிழைதான் வேர். ஓட்டத்தையும் வெயிலையும் பிரித்துப் பார்க்க இரு தரப்பாருக்கும் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம், அது எளிது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதன்முறை அன்னையார் முந்தியதும், பிறிதொரு முறை நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்று சொன்னதும் அபூதாவூதில் உள்ள செய்தி. தூகரத் நிகழ்ச்சிக்குப் பின் மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்காத அன்ஸாரித் தோழர் ஒருவர் தம்மோடு போட்டியிட யாருமுண்டா என்று அறைகூவினார். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் நபியவர்களிடம் அனுமதி பெற்றே அவரோடு ஓடினார்கள், வென்றார்கள். இதை முஸ்லிம் பதிவு செய்துள்ளார். வீண் வேலைக்கு அல்லாஹ்வின் தூதர் அனுமதி தருவார்களா? சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்குப் பின் போர்வைக்குள் திரும்புவதைவிடக் கண்மாய்க் கரையில் கால் வீசிப் போவது மேல் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த ஸலமா (ரலி) அவர்களின் செய்தியில் ஓட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பமும் இருக்கிறது. தொடக்கத்தில் ஓரிரு மேடுகள் வரை மூச்சைப் பேணும் பொருட்டு வேகத்தை அடக்கி, எதிராளியின் பின்னாலேயே போய், அதன் பிறகே விரைந்து முந்தியதாக அவர்களே சொல்கிறார்கள். மதீனாவின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் தம் உடலை அளந்து செலவு செய்தார். நம்முடைய சிங்கங்களோ முதல் கிலோமீட்டரிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தம்மைத் தாமே விரட்டிக்கொள்கிறார்கள்.

இனித் தபூக். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் அந்தப் படையெடுப்பு கடுங்கோடையில் நிகழ்ந்தது உண்மை. வெப்பத்தைச் சாக்காகச் சொல்லி ஒதுங்கியவர்களைத் தவ்பா அத்தியாயத்தின் 81ஆம் வசனம் கண்டிப்பதும் உண்மை. ஆனால் அது அழைப்பு வந்த கடமை. சென்னை மாரத்தானுக்கு நம்மை அழைத்தவர் யார்? நாமே கட்டணம் கட்டிப் பெயர் கொடுத்தோம். முடிவில் ஒரு பதக்கம் கழுத்தில் விழும். அதைத் தபூக்கோடு நிறுத்துவது தபூக்கைச் சிறுமைப்படுத்துவது. தவிர, 81ஐ ஓதுகிறவர் பத்து வசனங்கள் தள்ளி 91ஐயும் ஓத வேண்டாமா? பலவீனர்மீதும் நோயாளிமீதும் குற்றமில்லை என்று அதே அத்தியாயம் அந்தக் கடமையிலேயே விலக்களிக்கிறது. கடமைக்கே விலக்கு உண்டென்றால், கைபேசியில் ஓடும் நாள் கணக்குக்கு இல்லையா?

வெயிலைப் பற்றி நேரடியாகவே நமக்கு வழிகாட்டல் உண்டு. நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு விசாரித்தார்கள். அவர் அபூ இஸ்ராயீல். உட்காருவதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பு நோற்பது என நேர்ந்துகொண்டிருக்கிறார் என்றார்கள் தோழர்கள். அவர் பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் நிறைவு செய்யட்டும் என்று நபியவர்கள் பணித்தார்கள். புகாரீயில் உள்ள இச்செய்தியை நாம் ஒவ்வொரு கோடையிலும் நினைத்துக்கொள்கிறோம். நோன்பு வெட்டப்படவில்லை, வெயில் வெட்டப்பட்டது. பயனுள்ள வணக்கம் நின்றது, பயனற்ற வருத்தம் போயிற்று. வெப்பம் கடுமையானால் லுஹரைத் தணிந்த பொழுதுக்குத் தள்ளித் தொழுமாறு சொன்னதும் அதே தூதர்தாம். தொழுகையே நிழலுக்குக் காத்திருக்கலாம். ஓட்டம் காத்திருக்கக் கூடாதாம்!

வளைகுடாவைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. கத்தாரில் ஜூன் முதல் நாளிலிருந்தே, காலை 10 மணி தொடங்கிப் பிற்பகல் 3.30 வரை தடை. அங்கே பிழைக்கப் போன நம் பிள்ளைகளை வெயிலிலிருந்து காக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அங்கே அப்படிக் காக்கப்பட்டவர் இங்கே வந்து, யாரும் கூலி தராத வேலைக்காகத் தார்ச்சாலையில் வேகிறார். அதே கத்தாரில், 2019 செப்டம்பரில், உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் முடிக்க இயலவில்லை. உலகின் தேர்ந்த கால்கள் அவை. ஜார்க்கண்டில் 2024ஆம் ஆண்டு கலால் காவலர் தேர்வுக்காக 10 கி.மீ. ஓடவிடப்பட்ட இளைஞர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணங்களைப் பற்றிப் பல வாதங்கள் எழுந்தன. ஆனால் காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்ற கட்டளை அந்தச் சாவுகளுக்குப் பிறகே வந்தது. நம் தமிழக அரசும் அதே 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

தூரம் குறைவுதானே என்று சிலர் ஆறுதல் கொள்வர். 1978இல் அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டத்தில் ஆல்பர்ட்டோ சலசார் என்ற புகழ்பெற்ற வீரர் சரிந்தபோது அவருடைய உடல் வெப்பம் ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ். ஓடிய தூரம் ஏழு மைல் அளவே. பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு மந்திரம் ஓதும் வரை போய்விட்டது. பனிக்கட்டி நீர்தான் அவரை மீட்டது. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. வேகம் கூடக் கூட வெப்பமும் கூடும். எனவே குறுகிய தூரத்தை முரட்டு வேகத்தில் ஓடுகிறவருக்கே ஆபத்து மிகுதி.

இங்கே எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். அன்று செய்தி கேட்டு ஓடிப்போன நாங்கள், அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். உடல் வியர்த்திருந்தது, வியர்வை இருப்பதால் வெப்பத் தாக்கு அல்ல, வெறும் மயக்கம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்க வேண்டிய அவசியமில்லை என்பதைப் பிற்பாடு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். பேச்சு குழறுவது, கால் பின்னுவது, தாம் எங்கிருக்கிறோம் என்றே புரியாமல் விழிப்பது: இவையே அடையாளங்கள். அவர் எங்கள் பெயர்களை மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கலக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தோம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். 108ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறியிருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு பம்புசெட் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கழுத்து அளவு அதில் இறக்கியிருந்தால் போதும். அந்தத் தொட்டியைக் கடந்துதான் ஆட்டோ போயிற்று. இதை எழுதக் கை கூசுகிறது.

அப்படியானால் கோடையில் ஓடவே கூடாதா? ஓடலாம், நாங்கள் இன்றும் ஓடுகிறோம். மே மாதத்தில் எங்கள் பள்ளியில் ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்து வெளியே வரும்போது ஏறத்தாழ 5.30, சூரியன் எழ இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் இருக்கிறது. ஒரு நாளின் மிகக் குளிர்ந்த பொழுது அதுவே. நம்மை ஓட்டத்துக்காக எழுப்ப வேண்டிய அலாரத்தை, தொழுகைக்காக எழுப்பும் பாங்கே செய்துவிடுகிறது. அஸருக்குப் பின் ஓடலாமே என்பவர்கள் மாலை 5 மணிக்குக் கோட்டைப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டை முழுப் பாறைமேல் நிற்கிறது. பகலெல்லாம் விழுங்கிய வெயிலை அந்தப் பாறை அப்போதுதான் உமிழத் தொடங்கும்.

வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் ஆகும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைப்பது கோழைத்தனம் அல்ல; இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகவும், வியர்வை முன்கூட்டியே சுரக்கவும், அதில் வெளியேறும் உப்பு குறையவும் உடல் எடுத்துக்கொள்ளும் தவணை அது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் கேடு. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. நெடுந்தூரம் ஓட வேண்டிய நாளில் மூன்றரைக்கே கிளம்பி, வழியில் உள்ள பள்ளியில் ஃபஜ்ர் ஜமாஅத்தைப் பிடித்துக்கொள்வோரும் எங்களில் உண்டு. ஆனால் இருட்டில் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை வேண்டாம். நூறு வயதுக்கு மேலும் மாரத்தான் ஓடிய ஃபவ்ஜா சிங் 2025இல் தம் கிராமத்துச் சாலையில் வாகனம் மோதியே இறந்தார்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஜனவரிப் பந்தயத்துக்கு மே மாதத்தில் இத்தனை அவசரம் எதற்கு? பதினாறு வாரப் பயிற்சி என்று வைத்தாலும் செப்டம்பரில் தொடங்கினால் போதும். கோடை, கால்கள் ஓட்டத்தை மறந்துவிடாமல் வைத்திருக்க மட்டுமே. பிறகு அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ராவாவில் பிறர் பார்க்கும் வரைபடத்திலிருந்து வருகிறது. ரியாவைப் பற்றி மிம்பரில் கேட்டு அழுகிறவர்கள், அது கைக்கடிகாரத்திலும் குடிபுகும் என்பதை ஏனோ எண்ணுவதில்லை. தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை நாள் கணக்குக்காரர்கள் ஆதாரம் காட்டுகிறார்கள். அது சிறிதளவாக இருப்பினும் சரி என்பது அந்த நபிமொழியின் பிற்பகுதி. அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். நோய் கண்ட நாளில் இருபது நிமிட நடையும் தொடர்ச்சிதான். உறங்காத இரவுக்கு மறுநாள் ஓடாமல் இருப்பது உடலுக்கு நம்மீதுள்ள உரிமை; அந்த உரிமையும் நபிமொழியில் சொல்லப்பட்டதே.

பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் ஒரு கோரிக்கை. ஓட்டக்காரர்களைத் திட்டுவதற்குப் பதிலாக, மேயும் ஜூனும் முடியும் வரை ஹவ்ளுப் பக்கத்துக் கதவைக் காலை 8 மணி வரை திறந்து வையுங்கள். ஒரு வாளியும், சில உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும், 108 என்று எழுதிய ஓர் அட்டையும் அங்கே இருக்கட்டும். செலவு பெரிதாக ஆகாது. சாலையோரம் விழுகிறவர் எந்தச் சமயத்தவர் ஆனாலும் அந்தத் தண்ணீர் உதவும்.

விழுந்த சகோதரர் மூன்று மாதங்கள் மருத்துவரின் சொற்படி ஓடாமல் இருந்தார். ஜனவரிப் பந்தயத்துக்குப் போகவில்லை. இந்த வாரம் எங்களோடு கண்மாய்க் கரைக்கு வந்தார், கைக்கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு. 5 கி.மீ. தூரத்தைப் பேசிக்கொண்டே ஓடினோம். 6.30க்கெல்லாம் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் அப்போதுதான் கோட்டைச் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது.