கோல்ப் அகராதி

வெள்ளைக்காரர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற வஸ்துக்களில் கோல்ப் ஆட்டமும் ஒன்று. 1829-லேயே கல்கத்தாவில் இதற்கு ஒரு சங்கம் கண்டார்கள். 1895-ல் கொடைக்கானலிலும் ஒன்று. ஜவ்வாது மலை எப்படியோ தப்பிற்று. அங்கே சாமை விளைகிறது, தேன் கிடைக்கிறது, காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தை ஆராய்கிறது. ஆயினும், நாளைக்கு யாராவது ஒரு கனவான் ஜமுனாமரத்தூரில் பையும் கோலுமாக வந்து இறங்கினால், மலை ஜனங்கள் திகைக்கக் கூடாதல்லவா? ஆகையால் இச்சிறு அகராதி.

கோல்ப்: சின்னஞ்சிறு பந்தை நாலேகால் அங்குலக் குழியில் தள்ளுவதற்காக ஒரு கிராமத்து நிலத்தைச் செலவிடும் வித்தை. ஜனங்கள் வில்வித்தையை மறக்கிறார்களென்று 1457-ல் ஸ்காட்லாந்தில் இதைத் தடை செய்தார்கள். தடைக்குப் பின் ஆட்டம் செழித்ததென்று சொல்லவும் வேண்டுமோ?

பார்: ஒரு குழிக்கு நிபுணனுக்கு வேண்டிய அடிகளின் கணக்கு. மற்றவர்களுக்கு இது தூரத்துச் சிகரம், பார்க்கத்தான் முடியும்.

போகி: பாருக்கு மேல் ஓரடி. நம் வீட்டுப் போகி வருஷத்துக்கு ஒரு முறை. இது குழிக்குக் குழி வரும். அதில் எரிவது பழைய பாய். இதில் எரிவது வயிறு.

பேர்டி, ஈகிள், ஆல்பட்ராஸ்: பாருக்கு ஓரடி குறைந்தால் குருவி, இரண்டு குறைந்தால் கழுகு, மூன்று குறைந்தால் கடற்பறவை. பறவை பெருக்கப் பெருக்கத் தரிசனம் அபூர்வம்.

பங்கர்: மணற்பள்ளம். மாமனார் வீட்டு மாப்பிள்ளையைப் போல், பந்து தானே வந்து சேரும்; கிளம்ப மறுக்கும்.

ரப்: வெட்டாத புல். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிஷமே அவகாசம். தொலைந்த மாட்டை மூன்று நாள் தேடுகிறவர்களுக்கு இது அநியாயமாகவே தோன்றும்.

போர்: "விலகு!" என்று பொருள். பந்து மண்டையை நெருங்கிய பிறகு கூவப்படுவது. தமிழ் அர்த்தமும் பொருத்தமே.

முல்லிகன்: கோணலாய்ப் போன அடியை அடிக்கவேயில்லையென்று சிநேகிதர்கள் ஒப்புக்கொள்வது. சட்டப் புத்தகத்தில் கிடையாது. பரீட்சைகளில் அமலுக்கு வந்தால் நம் பிள்ளைகள் யாவரும் முதல் வகுப்புத்தான்.

பத்தொன்பதாவது குழி: பதினெட்டுக் குழிகளும் முடிந்தபின் அடையும் பானசாலை. இதை யாரும் தவறவிட்டதில்லை.

காடி: பதினாலு கோல்கள் வரை கொண்ட பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, யோசனையும் சொல்லுகிறவன். அடி பலித்தால் புகழ் ஐயாவுக்கு. தவறினால் பழி இவனுக்கு. மூட்டையோடு மலையேறி இறங்கும் ஜவ்வாது மலைக்காரருக்கு இந்த ஒரு சொல் மட்டும் விளக்கமின்றியே விளங்கும்.

ஆனால் இச்சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. டில்லியில் பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பந்தயத்தை வென்றார். 1993-ல் மறுபடியும் வென்றார். கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரித்தவரின் புதல்வர் சௌரசியா 2016, 2017 இரு வருஷங்களிலும் அதே பந்தயத்தில் வெற்றி பெற்றார். சுமந்தவன் கையில் கோலைக் கொடுத்தால் என்ன நடக்குமென்பதற்கு அகராதி தேவையில்லை.