பேப்பரில் போட்டால் சொன்னதாகுமா?

மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன்னே வேலை தொடங்கிடும். உப்பு வாரிக் கரையேறும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். இந்த ஆளு எந்தப் பேப்பரில், எந்த மூலையில் பொடி எழுத்து அறிவிப்பைத் தேடுவார்?

ஒரு தொழில் திட்டம் வருதுன்னா, கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவித்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தரணும் என்கிறது 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை. பேப்பர் வராத ஊருக்குத்தான் தண்டோரா, வானொலி. 2020 வரைவில் அந்த 30 நாளையும் 20 ஆக்கப் பார்த்தாங்க. அந்த வரைவே இங்கிலீஷ், இந்தியில்தான் வந்தது. மற்ற மொழிகளிலும் போடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

2013 நில எடுப்புச் சட்டம் கொஞ்சம் தேவலை. நாளிதழோடு ஊராட்சி அலுவலகத்திலும் அரசு இணையதளத்திலும் போடணும்; ஆட்சேபணைக்கு 60 நாள். ஆனால் அரசு இணையதளத்தை நம்மில் யார் திறக்கிறோம்? பிள்ளைகள் செல்போனில் பார்ப்பது உள்ளூர்ச் செய்தித் தளங்களை. அதிலும் தமிழில் போடுவதைக் கட்டாயமாக்கணும்.

செல்போன் இல்லாதவங்களுக்கு? தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கன்னு 2022இல் தலைமைச் செயலாளரே எழுதினார். பறையடிப்பவர் மானத்துக்கு அது சரிதான். அந்த வண்டி கருத்துக்கேட்புக்கும் வரட்டும். மீன் விற்கிறவர் தினமும் மைக் கட்டித்தானே வருகிறார்!