பழவேற்காட்டில் கல்லறை இல்லாதவர்கள்



போன ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு பழவேற்காடு போயிருந்தேன். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு என் பேத்தி கேட்டாள்: "இவங்க எதுக்கு தாத்தா நம்ம ஊருக்கு வந்தாங்க?"

வகுப்பில் நான் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். "வியாபாரம் செய்ய வந்தான், நம்மை ஏமாற்றி நாட்டைப் பிடித்தான்." ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது பாதி உண்மைதான்.

டச்சுக்காரர்கள் 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கித்தான் இங்கே பண்டகசாலை போட்டார்கள். பொறுக்காத சாந்தோம் போர்த்துகீசியர்கள் 1612-ல் வந்து அதைத் தாக்கினார்கள். அதன்பின் 1613-ல் எழுந்ததுதான் கெல்டிரியா கோட்டை. அவர்களுக்கு வேண்டியது நம் நெசவாளர்களின் துணி. அதைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். நம் வணிகர்கள் அவர்களிடம் முன்பணம் வாங்கி, தறிக்காரர்களுக்குக் கொடுத்து, துணியை வாங்கி ஒப்படைத்தார்கள். விலை பேசத் தெரிந்தவர்கள்தான் நம்மவர்கள். ஏமாளிகள் இல்லை.

ஆனால் அதே துறையிலிருந்து துணியோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். 1646-47 பஞ்சம் போன்ற காலங்களில் பசிக்கு விற்கப்பட்டவர்கள், ஆயிரக்கணக்கில் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். கப்பல் டச்சுக்காரனுடையது. பிடித்துக் கொடுத்த தரகன் நம் மண்ணுக்காரன். இதை நான் ஒரு நாளும் பாடத்தில் சொன்னதில்லை. அது என் குறை.

வணிகர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, நல்லதுதான். கப்பலேறிய நம் பிள்ளைகளுக்கு ஒரு கல் கூட இல்லை. அந்த வாசலில் அவர்களுக்காகவும் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். முன்பணம் என்ற அதே கயிறுதான்.

உங்களில் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்கள். ஆள் கூட்டிவரும் தரகரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள், வேண்டாமென்றால் இவர் நாளைக்கே ஊருக்குப் போக முடியுமா?"

பேத்திக்கு இந்த முறை முழுப் பதிலையும் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லத்தான் தாமதமாகிவிட்டது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பொன்னேரி