காய்ந்த ஏரி வேறு, செத்த ஆறு வேறு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் பிரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரம் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே 110 கிலோமீட்டர் காரில் போனால் மெனிண்டி வரும். செம்மண் பொட்டலின் நடுவே அடுத்தடுத்து ஏரிகள், அவற்றை ஒட்டியே டார்லிங் ஆறு. காலையில் கிளம்பினால் ஏரிக்கரை, பெரிய தடுப்பணை, கின்செகா தேசியப் பூங்கா, அதற்குள் 1875-ல் கட்டிய ஆட்டுரோமக் கொட்டகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். வறண்ட ஆண்டிலும் கட்டாயம் போகவேண்டும் என்பது என் கட்சி. அங்கே காண்பது இரண்டு விதமான வறட்சி. ஏரி வறள்வது இயற்கை. ஆற்றின் ஓட்டம் இத்தனை தடவை நின்றுபோவது பெரிதும் மனிதர் செய்த வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் ஆற்றின் வழக்கு எடுபடாமலே போகிறது.

முதலில் ஏரிகள். வடக்கே பெய்த மழை வெள்ளமாக இறங்கும்போது ஓடைகள் வழியே ஆற்று நீர் இந்தப் பள்ளங்களுக்குள் ஏறும். ஆறு தணிந்ததும் ஒரு பகுதி திரும்ப ஆற்றுக்கே வடியும், மிச்சம் வெயிலில் போகும். இப்பகுதியின் பழங்குடிகளான பார்க்கிண்டிஜி மக்கள் 'பாக்கா' என்று அழைக்கும் இந்த ஆறும் ஏரிகளும் காலங்காலமாக இப்படித்தான் நிறைந்தும் காய்ந்தும் வந்தன. 1960-களில் முடிந்த அணை, மதகு வேலைகள் ஏரிகளை நீர்த்தேக்கங்களாக மாற்றின. முழுக் கொள்ளளவு 1,731 கிகாலிட்டர், நம் கணக்கில் சுமார் 61 டி.எம்.சி. அந்த மாற்றத்தின் தடயம் கரையிலிருந்தே தெரியும். தண்ணீருக்கு நடுவே இலை, பட்டை எதுவும் இல்லாமல் வெளுத்த மரங்கள் நிற்கின்றன. பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் இந்த மரங்கள் தண்ணீர் இல்லாமல் பட்டுப்போனவை அல்ல. வடியாமல் நெடுநாள் தேங்கிய தண்ணீரில் மூழ்கிச் செத்தவை. அவ்வப்போது காய்வதும் இந்த ஏரிகளின் உயிர்ப்பில் சேர்த்தி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆற்றின் கதை வேறு. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டி அருகே லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஓட்டம் நின்று குட்டையாகிவிட்ட ஆற்றில் நீலப்பச்சைப் பாசி மண்டியது. மேலே சூடான நீரும் அடியில் உயிர்வளி இல்லாத நீரும் தனித்தனி அடுக்காக நின்றன. வெப்பம் திடீரென்று தணிந்ததும் அடுக்குகள் கலந்தன, மீன்களுக்கு மூச்சு முட்டியது. வறட்சிதானே காரணம் என்பார்கள். வறட்சி கடுமையாக இருந்தது உண்மை. ஆனால் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் அமைத்த குழு 2019-ல் ஆராய்ந்து, வறண்ட காலத்தைத் தாக்குப்பிடிக்கும் அளவு நீர் ஆற்றில் விடப்படாததே அடிப்படைக் கோளாறு என்றது. மேல்மடையில் பருத்திக்கும் பிற பாசனத்துக்கும் எடுக்கும் அளவு கூடிவிட்டதே அதற்குப் பின்னணி.

அடுத்த ஆட்சேபம் வலுவானது. ஆழமில்லாத இந்த ஏரிகளிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு 400 கிகாலிட்டர் அளவில் நீர் ஆவியாகிறது, ஏறத்தாழ 14 டி.எம்.சி.; அதை ஏன் வீணாக்க வேண்டும், பாசனத்துக்கோ கீழ்மடைக்கோ கொடுக்கலாமே என்கிறார்கள். 2019-லிருந்து பிரோக்கன் ஹில்லுக்கு மர்ரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் குழாயில் குடிநீர் வருவதால் இந்தக் குரல் இன்னும் உரக்கக் கேட்கிறது. ஆனால் ஏரியில் நிற்கும் நீர் சும்மா நிற்கவில்லை. மேலிருந்து மிதந்து வரும் தங்கநிறப் பெர்ச் மீன்குஞ்சுகள் இந்த ஏரிகளில்தான் வளர்ந்து, கீழே மர்ரே ஆறு வரைக்கும் பரவுகின்றன. நகரத்துக்குக் குழாய் வந்துவிட்டது. மெனிண்டி ஊரும் மீனும் கரையோர யூக்கலிப்டஸ் மரங்களும் இன்றும் ஆற்றையே நம்பி இருக்கின்றன. 2023 மார்ச்சில் தண்ணீர் தாராளமாக இருந்தபோதும் கோடிக்கணக்கில் மீன்கள் செத்தனவே என்று கேட்கலாம். அதுவும் என் வாதத்துக்குத்தான் துணை. வெள்ளத்தில் பெருகிய மீன்கள் தடுப்பணையைத் தாண்டி ஏற வழியின்றி, உயிர்வளி குறைந்த நீரில் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆற்றுக்கு நீரின் அளவு மட்டும் போதாது, ஓட்டமும் திறந்த வழியும் வேண்டும்.

விவசாயத்தை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பருத்தியை நம்பியும் ஊர்கள் இருக்கின்றன. வறட்சி முறிந்து வரும் முதல் நீரை மோட்டார் வைத்து இறைக்காமல் கீழே விடவேண்டும் என்பதே கோரிக்கை. 2020-ல் மேல்மடையில் நீர் எடுக்கத் தற்காலிகத் தடை போட்டதும் அந்த முதல் நீர் மெனிண்டியை எட்டியது. முடியும் என்று தெரிந்த காரியத்தை அவ்வப்போது வரும் அறிவிப்பாக விடாமல் நிரந்தர விதியாக்க வேண்டும். ஒருநாள் பயணியால் என்ன ஆகும் என்று ஒதுங்குவதும் சரியல்ல. 2019-ல் உள்ளூர்க்காரர்கள் செத்த மர்ரே காட் மீன்களைக் கையில் ஏந்தி நின்ற காணொளி நாடெங்கும் பரவிய பிறகே விவகாரம் தலைநகரங்களை உலுக்கியது. ஏரி நிறைந்தபோது மட்டும் வருகிறவர்களின் கண்ணில் இந்த அநியாயம் படவே படாது. வறண்ட ஆண்டில் வந்து பார்த்தவர்கள் கூடக்கூட, எல்லாப் பழியையும் மழையின் தலையில் போடுவது ஆட்சியாளர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.