முதல் ரேஸ்... முந்தப் போறது யாரு?

ஸ்பார்க் ப்ளக்கோட வெள்ளைப் பகுதி செராமிக்தானே? அதனால ஃபார்முலா ஒன் பத்திப் பேச பீங்கான் ஊர் விருத்தாசலத்துக்கும் உரிமை உண்டு! சீசன் முதல் ரேஸுக்கு என் கணிப்பு மூணு.

ஒண்ணு: டெஸ்டிங்ல பறந்த காரை நம்பாதீங்க. எவ்வளவு பெட்ரோலோட ஓட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு: ஏதாவது ஒரு குட்டி டீம் பாயின்ட் அள்ளும். 2002 மெல்போர்னில் முதல் திருப்பத்திலேயே 8 கார் காலி. அறிமுக ரேஸிலேயே மார்க் வெப்பர், மினார்டி காரில் 5-வது!

மூணு: புதுமுகம் பின்தங்கினா கிண்டல் வேணாம். நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005 முதல் ரேஸில் 15-வது. அதே வருஷம் இண்டியானாபொலிஸில், டயர் பிரச்னையால் ஆறே கார் ஓடியபோது 4-வது. கையில் 5 பாயின்ட்!

முதல் செமஸ்டர் அரியரும் அப்படித்தான் பாஸ். சீசன் இன்னும் பாக்கி இருக்கு!