பூமியோட மையம் நின்னுடுச்சா? மீம் போட்டவங்களை விடுங்க, தலைப்பைப் பாருங்க

"பூமியின் உள்மையம் சுத்துறதை நிறுத்திடுச்சு, இனிமே ரிவர்ஸ்ல சுத்தப் போகுது." 2023 ஜனவரியில வந்த செய்தி இது. இன்னிக்கும் ஏதோ நேத்து நடந்த மாதிரி வாட்ஸ்அப்ல வருது. மையம் நின்னுச்சோ இல்லையோ, இந்த ஃபார்வர்ட் மட்டும் நிக்கவே இல்லை.

செய்தி வந்த உடனே மீம்களும் வந்துச்சு. "அதான் திங்கட்கிழமை எழுந்திரிக்க முடியலையா", "பூமியே ரெஸ்ட் எடுக்குது, எனக்கு ஒரு நாள் லீவு தரக்கூடாதா", "என் வாழ்க்கை ரிவர்ஸ்ல போறதுக்கு இப்பதான் காரணம் கிடைச்சுது" வகையறா. இதைப் பார்த்துட்டு, "அறிவியலைக் கிண்டல் பண்றாங்க, மக்களுக்குப் பொறுப்பே இல்லை"னு கோபப்பட்டவங்களும் உண்டு.

நான் மீம் போட்டவங்க கட்சி. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடுவோம்.

நம்ம காலுக்குக் கீழே சுமார் 5,150 கிலோமீட்டர் ஆழத்துல ஒரு திடமான இரும்பு உருண்டை இருக்கு. கொஞ்சம் நிக்கலும் கலந்தது. மையத்துல இருந்து அதோட விளிம்பு வரைக்கும் சுமார் 1,220 கிலோமீட்டர். அதைச் சுத்தி உருகிய இரும்புக் கடல். அதுக்கு மேலதான் பாறை அடுக்கு, அதுக்கும் மேல நாம. இப்படி ஒரு உருண்டை உள்ளே இருக்குன்னு 1936-ல சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி. குழி தோண்டிப் பார்த்துச் சொல்லல. நிலநடுக்க அலைகள் பூமிக்குள்ள எப்படித் திரும்புது, எங்கே போய்ச் சேருதுன்னு பார்த்தே கண்டுபிடிச்சார்.

நடுவுல திரவம் இருக்கிறதால, உள்ளே இருக்கிற உருண்டை மேல இருக்கிற பாறையோட அதே வேகத்துலதான் சுத்தணும்னு கட்டாயம் இல்லை. கொஞ்சம் முந்தலாம், கொஞ்சம் பிந்தலாம். பூமியை விட அது லேசா வேகமா சுத்துதுன்னு 1996-ல ஸியாடாங் சாங், பால் ரிச்சர்ட்ஸ் ரெண்டு பேரும் எழுதினாங்க. 2023-ல அதே சாங், பீகிங் பல்கலைக்கழகத்தோட யீ யாங்கோட சேர்ந்து, "2009 வாக்குல அந்த முந்தல் நின்னுபோச்சு, இப்ப லேசா பிந்துது"ன்னு எழுதினார். அவ்வளவுதான் செய்தி.

இது புரிய ஒரு எளிய வழி. தாம்பரத்துல இருந்து எக்மோர் போற மின்சார ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்துத் தண்டவாளத்துல ஒரு எக்ஸ்பிரஸும் அதே பக்கமா போகுது. முதல்ல உங்களை முந்துது. அப்புறம் வேகம் குறைஞ்சு உங்க வேகத்துக்கே வருது. இப்ப எதிர்ல இருக்கிற பெட்டி அசையாம நிக்கிற மாதிரி தெரியும். இன்னும் குறைஞ்சா பின்னாடி போற மாதிரி தெரியும். உண்மையில ரெண்டு ரயிலும் எக்மோருக்குத்தான் போயிட்டிருக்கு. எதுவும் நிக்கல, எதுவும் திரும்பல.

பூமி ஒரு நாளைக்கு 360 டிகிரி சுத்துது. இவங்க பேசுற வித்தியாசம், பிந்தைய கணக்குகள்படி, ஒரு வருஷத்துக்கே ஒரு டிகிரிக்கும் குறைவு. இதைக் கண்டுபிடிச்சதுதான் ஆச்சரியம். இதனால உங்களுக்கும் எனக்கும் தலை சுத்தாது.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எங்க ஓபி-க்கு வந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். நெஞ்சு எக்ஸ்ரேல ஒரு நிழல் தெரிஞ்சா நாங்க கேட்கிற முதல் கேள்வி, "பழைய எக்ஸ்ரே இருக்காம்மா?" அதே ஆள், அதே பொசிஷன், வேற தேதி. ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் நிழல் புதுசா பழசான்னு தெரியும். அதே வேலையைத்தான் இவங்களும் செஞ்சாங்க. தென் அட்லாண்டிக்ல சவுத் சாண்ட்விச் தீவுகள் பக்கம் ஒரே இடத்துல, ஒரே மாதிரி, வருஷக்கணக்கான இடைவெளியில நிலநடுக்கம் திரும்பத் திரும்ப வரும். அலை அதே பாதையில உள்மையத்தைக் கடந்து வடக்கே வரும்போது பதிவு மாறியிருந்தா, உள்ளே ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம். 2024-ல வேற ஒரு குழு 1991-லிருந்து 2023 வரை வந்த இந்த மாதிரி 121 நிலநடுக்கங்களை ஒப்பிட்டுச்சு. மாறிப்போன பதிவு சில வருஷம் கழிச்சு பழையபடியே திரும்ப வந்ததைப் பார்த்தாங்க. அதாவது வந்த வழியே திரும்பிப் போகுது. இதுக்கு வேற விளக்கம் சொல்ற விஞ்ஞானிகளும் இருக்காங்க. விவாதம் ஓடிட்டுதான் இருக்கு.

இப்ப மீமுக்கு வருவோம். லீவு கேட்டு மீம் போட்டவருக்குத் தான் போட்டது ஜோக்குன்னு தெரியும். படிச்சவருக்கும் தெரியும். யாரும் பயப்படல. சிலர் "உண்மையிலேயே என்னதான் ஆச்சு?"ன்னு தேடியும் படிச்சிருப்பாங்க. பயமுறுத்தினது சீரியஸா எழுதின ஃபார்வர்ட்தான். "காந்தப்புலம் போயிடும், பேஸ்மேக்கர் வச்சவங்க ஜாக்கிரதை"ங்கிற ரேஞ்சுக்கு. அது 2003-ல வந்த 'தி கோர்' என்ற ஹாலிவுட் படத்தோட கதை. காந்தப்புலம் பிறக்கிறது வெளியே இருக்கிற உருகிய இரும்போட ஓட்டத்துல. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. பேஸ்மேக்கர் ஓடுறது பேட்டரியில.

"நின்னுடுச்சு"ன்னு தலைப்பு போட்டவங்க முழுப் பொய் சொல்லல. "எதோட ஒப்பிட்டு நின்னுச்சு?"ங்கிறதை மட்டும் விட்டுட்டாங்க. ஒரு மருத்துவரா எனக்குப் பயம் தர்றது இந்த விடுபடல்தான். ஏன்னா இதே வேலையை மருந்து விஷயத்துல பண்ணினா சேதாரம் நிஜம்.

1995 அக்டோபர், பிரிட்டன். புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்குன்னு அரசு எச்சரிக்கை வந்துச்சு. இரண்டு மடங்கு என்பது உண்மை. எதுல இருந்து எதுக்கு? 7,000 பேர்ல ஒருத்தருக்கு இருந்தது, 7,000 பேர்ல ரெண்டு பேருக்கு. தலைப்புல "இரண்டு மடங்கு" மட்டும் போச்சு. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினாங்க. வேண்டாத கர்ப்பங்கள் கூடுச்சு. அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலா நடந்ததா மதிப்பிடப்பட்டிருக்கு. இதுல கொடுமை என்னன்னா, கர்ப்பத்தால ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையோடதை விட அதிகம்.

நம்ம ஊர்லயும் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை பத்தி "ஆபத்து 50 சதவீதம் கூடும்"னு ஒரு வீடியோ வரும். பார்த்துட்டு மாத்திரையை நிறுத்திட்டு, பிரஷர் எகிறின பிறகு வர்றவங்களை அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எல்லா டாக்டருக்கும் தெரியும். 10,000 பேர்ல ரெண்டு மூணாகுறதும் 50 சதவீதம்தான், 100 பேர்ல 40 பேர் 60 ஆகுறதும் 50 சதவீதம்தான். ரெண்டும் ஒண்ணா?

அதனால என் வேண்டுகோள் ஒண்ணுதான். நின்னுச்சு, திரும்புச்சு, இரட்டிப்பாச்சு, பாதியாச்சுன்னு எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் "எதோட ஒப்பிட்டு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் அந்தச் செய்தியிலேயே இல்லைன்னா ஃபார்வர்ட் பண்ணாதீங்க. உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா மாத்திரைச் சீட்டோட பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்கு வந்து கேளுங்க. கூட்டமா இருக்கும், ஆனா பதில் சொல்லுவோம்.

பூமிக்கு லீவு கேட்டு மீம் தாராளமா போடுங்க. மாத்திரைக்கு மட்டும் நீங்களா லீவு விடாதீங்க.